என் இடத்தைப் பார்த்துக்கங்க

கல் அங்கேயேதான் இருந்தது. காலை ஏழு மணிக்குத் தவமணி வைத்துவிட்டுப் போன அரைச் செங்கல், பத்து மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால், முன்னால் ஒரு மஞ்சள் துணிப்பைக்கும் பின்னால் ஓர் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆரப்பாளையத்து ரேஷன் கடையில் இன்றைக்குப் பொங்கல் சாமான், பச்சரிசியும் சர்க்கரையும் கார்டுக்கு ஒரு முழுக் கரும்பும், அதனால் விடிந்ததிலிருந்தே கற்களும் பைகளும் செருப்புகளும் ஒரு பிளாஸ்டிக் குடமுமாக வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது, ஆட்கள் அவரவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கடை திறந்ததும் எல்லாரும் வந்து தங்கள் தங்கள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள், ஒரு சண்டை கிடையாது. கோர்ட்டும் போலீசும் ரிஜிஸ்டர் ஆபீசும் இருக்கிற ஊரில் ஒரு கல்லுக்கு இருக்கிற மரியாதை பத்திரத்துக்குக் கிடையாது என்று தவமணிக்குத் தோன்றியது, தோன்றியதும் கை தன்னாலே போனை எடுக்கப் போயிற்று, இதை எழுத வேண்டுமே, பிறகுதான் நினைவு வந்தது, எங்கே எழுதுவது. நேற்று மத்தியானம் மூன்றே வரியில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டுப் ‘பொழுதுவாசல்’ என்ற இணையப் பத்திரிகைக் கம்பெனியிலிருந்து விலகிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொம்பளை வேலையை விட்டுவிட்டு மறுநாள் காலையில் கரும்புக்கு நிற்கிறாள், அதற்குப் போய் இப்படி ஒரு சந்தோஷமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், ஆமாம், சந்தோஷம்தான், பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி உள்ளங்கால் குறுகுறுவென்று இருந்தது. மடியில் கனமில்லை. ஆனால் வழியில் பயம் இருந்தது, ஒரே ஒரு பயம், அது முட்டை வடிவத்தில் இருந்தது, அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று வெயிலைப் பார்த்தாள். பின்னால் நின்ற முத்துப்பேச்சி, அந்த ஒற்றைச் செருப்பின் சொந்தக்காரி, காலையிலிருந்து குழாயடிக்கும் பால் பூத்துக்கும் ஒரு காலில் மட்டும் செருப்போடு போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையை வைத்திருக்கலாமே என்று தவமணி கேட்டதற்கு, பையை வைத்தால் எவளாவது எடுத்துக்கொண்டு போய்விடுவாள், ஒற்றைச் செருப்பை யார் எடுப்பார்கள் என்றாள். நியாயம்தான்.

இந்த மாதிரி நியாயங்களுக்காகத்தான் அவள் எழுத ஆரம்பித்தது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலம், நாள் முழுக்கக் கடை வாசலைத் தொட்டுக்கொண்டு ஒரு வரிசை போகும், வருமானச் சான்றிதழுக்கு, பட்டாவுக்கு, முதியோர் பணத்துக்கு. ஒரு பிரதி எடுக்கிற நேரத்துக்குள் ஒரு ஆயுசுக் கதையைச் சொல்லிவிடுவார்கள். மூன்று மணி நேரம் நின்று ஜன்னலுக்கு வந்த பிறகு எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய், ‘சார் நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிய ஒரு பெரியவரைப் பற்றித்தான் முதல் பதிவு. வலைப்பூவுக்குப் பெயர் ‘வரிசையில் நிற்கிறேன்’. அவளாக வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: நிற்காத வரிசையை எழுதக் கூடாது, நின்றபடியே எழுத வேண்டும். அதனால் வேலை இல்லாத நாளில்கூட எங்கேயாவது போய் நின்றாள், ரேஷன் கடை, கரண்டு ஆபீஸ், பெரியாஸ்பத்திரி, ஒருமுறை என்ன கொடுக்கிறார்கள் என்றே தெரியாமல் ஒரு மணி நேரம் நின்று கடைசியில் கண் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள், அன்றைக்குத்தான் மூக்குக் கண்ணாடியும் வந்தது. படிக்க வந்தவர்களும் அவளுக்கேற்ற ஆட்களாகவே வாய்த்தார்கள். பின்னூட்டத்தில் முதலில் எழுதுகிறவர் ‘நான் ஒண்ணு’ என்பார், அடுத்தவர் ‘நான் ரெண்டு’, நடுவில் புகுந்தவரை நாலு பேர் சேர்ந்து சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே விடுவார்கள். படிக்க நேரமில்லாமல் அவசரத்தில் வந்தவர், ‘கல் வச்சிட்டுப் போறேன், சாயங்காலம் வந்து படிக்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து படித்தும் விடுவார். அதை ஆரம்பித்து வைத்தது ‘அரைச்செங்கல்’ என்ற பெயரில் வருகிற ஒரு ஆள். ஆணா பெண்ணா, உள்ளூரா துபாயா, எதுவும் தெரியாது, பத்து வருஷத்தில் ஒரு பாராட்டு கிடையாது, ஒரு கேள்வி கிடையாது, பதிவு போட்ட கால் மணி நேரத்தில் ‘கல் வச்சாச்சு’ என்று இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை வரும்வரை தவமணிக்குச் சோறு இறங்காது, வந்துவிட்டால் அப்புறம் உலகமே படித்த மாதிரி.

வரிசை நகர்ந்தது, நாலடி. முன்னால் நின்ற மஞ்சள் பைக்காரர் பையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போனார், தவமணி செங்கல்லைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். இனிமேல் அதற்கு வேலையில்லை, ஆனாலும் விட்டுவிட மனசில்லை. கம்பெனியில் சேர்ந்தது தப்பா என்று கேட்டால் தப்பென்று சொல்ல நாக்கு வராது. சும்மா சொல்லக் கூடாது, முதல் வருஷம் கல்யாண வீடுதான். தமிழில் அங்கங்கே தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த ஒன்பது பேரைத் தேடிப் பிடித்துச் சென்னைக்கு வரவழைத்து, இனி நீங்களெல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். தூத்துக்குடியிலிருந்து ஆல்பர்ட் தங்கையா வந்தார், புரோட்டாக் கடைகளைப் பற்றி மட்டுமே எழுநூறு பதிவு எழுதிய வாத்தியார், முதல் நாள் கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் அவரும் தவமணியும் ஐந்து நிமிஷம் வெளியே நின்று சிரித்தது இப்போதும் வயிற்றில் இருக்கிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஒன்பது பேரும் வரிசையில் நின்றார்கள், கம்பெனிக்கு அவள் எழுதிய முதல் பதிவே அந்த வரிசைதான். மாமியார் வீட்டில்கூட அவள் கழுத்தில் அவ்வளவு அகலமான நாடா ஏறியதில்லை. நிரஞ்சன் என்று ஒரு பையன் ஆசிரியர், இருபத்தாறு வயது, நல்ல பிள்ளை, மேடம் மேடம் என்று மூச்சுக்கு மூன்று தடவை. மதுரையிலிருந்தே எழுதலாம், வாரத்துக்கு நாலு போதும் என்றான். போதுமாம். ஒரு வரிசை முதிர்ந்து கதையாவதற்கு ஒரு நாள் ஆகும், நாலு வரிசைக்கு வாரத்தில் நாளே மிஞ்சாது, குழம்பு யார் வைப்பது. அப்புறம் தலைப்பு மாறியது. ‘வரிசையில் நிற்காமல் காரியம் முடிக்க ஏழு வழிகள்’ எழுதித் தாருங்கள் மேடம் என்றான், நிற்பதையே விரதமாக வைத்திருப்பவளிடம். அதையும் எழுதினாள். அப்புறம் கற்கள் காணாமல் போயின. பழைய ஆட்கள் அவளைத் தேடி அங்கேயும் வந்து ‘கல் வச்சாச்சு’ என்று எழுத, கம்பெனியின் மெஷின் அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளியது. அவள் கேட்டதற்கு நிரஞ்சன் உண்மையாகவே வருத்தப்பட்டான். “அது சாஃப்ட்வேர் மேடம், ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா எடுத்துரும், என் கையில இல்ல.” யார் கையிலும் இல்லைதான். கொஞ்ச நாளில் அவர்கள் வருவது நின்றது, அவர்களுக்குப் பதில் எண்பதாயிரம் பேர் வந்தார்கள், எண்பதாயிரம் பேரும் வந்த சுவடு தெரியாமல் போனார்கள்.

முட்டை. நினைக்க வேண்டாம் என்று சொன்னால் மனசு கேட்கிறதா, பல்லிடுக்கில் சிக்கிய நாருக்கு நாக்கு போகிற மாதிரி அங்கேயே போகிறது. கம்பெனியில் இருக்கும்வரை சொந்த வலைப்பூவில் எழுதக் கூடாது என்று ஒப்பந்தம், அதனால் சேருவதற்கு முதல் நாள் அங்கே கடைசியாக ஒரு பதிவு போட்டாள், ஒரே வரி, வரிசையில் நிற்கிறவர்கள் பின்னால் திரும்பிச் சொல்கிற அதே வரி: ‘ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன், என் இடத்தைப் பார்த்துக்கங்க.’ அந்த வாரம் ஒரே அமளி. ஜெராக்ஸ் கடையைக் காலி செய்தது, கடையோடு கடையின் மெயிலையும் மூடியது, எவனோ ஒரு பெயரில்லாத புண்ணியவான் கூசாமல் வசவு எழுதியதற்காகப் பின்னூட்டப் பெட்டிக்கு ஒரு பொழுதுக்கு இருக்கட்டும் என்று தாழ்ப்பாள் போட்டது, சென்னைக்கு டிக்கெட் எடுத்தது, எல்லாம் ஏழு நாளைக்குள். ஒரு மாதம் கழித்து ஆசையாகப் போய்ப் பார்த்தாள். அந்த ஒரு வரிக்குக் கீழே, பின்னூட்டங்கள்: 0. ஒருத்தர் கூடவா, சரி போகட்டும், அரைச்செங்கல் கூடவா? தீபாவளிக்குப் பார்த்தாள், முட்டை. பொங்கலுக்கு, முட்டை. மூன்று வருஷம், வீட்டில் யாருக்கும் தெரியாமல், வட்டமாக உட்கார்ந்திருக்கிற அதை வந்து வந்து பார்த்தாள். பத்து வருஷம் கூட நின்ற ஜனம் ‘சரி போயிட்டு வா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் மேல் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது, பணக்காரச் சம்பந்தம் கிடைத்ததும் பழைய தெருவை மறந்தவள் என்று நினைத்திருப்பார்கள், நினைத்தால் என்ன தப்பு.

சரி, அப்படி யாரும் இல்லையென்றால் எதற்காக விலகினாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அந்தக் குரலுக்கு ஆல்பர்ட் தங்கையாவின் தொண்டை. நேற்று அவர் போனில் அதைத்தான் கேட்டார். “யக்கா, அந்தப் பழைய வீட்டுக்குப் போயி என்ன செய்யப் போறிய? மூணு வருசம் பூட்டிக் கெடந்த வீட்டுல பல்லி கூட இருக்காது.” அவர் சொன்னதில் தப்பில்லை, அவர் அங்கே நன்றாக இருக்கிறார், வீடியோவில் வருகிறார், எந்தக் கடைக்குப் போனாலும் கேட்காமலே சால்னா ஊற்றுகிறார்கள், இருக்கட்டும், அந்த மனிதருக்கு அது தகும். தவமணி விலகியதற்குக் காரணம் இதோ, பத்தடி தூரத்தில், கம்பி ஜன்னலுக்குள் அரிசி நிறுத்துக்கொண்டிருக்கிற பூமிநாதன். போன மாதம் முதுகுவலி, நிற்க முடியவில்லை, அந்த வாரக் கணக்குக்கு ஒரு பதிவு குறைந்தது, படுத்தபடியே ஒரு வரிசையை எழுதினாள். இதே கடை, இதே வாசல், போன செவ்வாய்க்கிழமை என்று தேதியும் போட்டு, எண்ணெய் பாட்டிலை உடைத்துவிட்ட ஒரு பெண்ணையும், அவளுக்காகத் தன் பங்கில் பாதியை ஊற்றிக் கொடுத்த இன்னொரு பெண்ணையும் உண்டாக்கினாள். இரண்டு பேரும் நன்றாகவே உருண்டு திரண்டு வந்தார்கள். கம்பெனியின் சரித்திரத்திலேயே அப்படி ஓடிய பதிவு இல்லை, நிரஞ்சன் பூங்கொத்து அனுப்பினான். மறுவாரம் சீனி வாங்க வந்தபோது பூமிநாதன் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், சிரித்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்: “நம்ம கடையை எழுதியிருந்தீங்கள்லக்கா, வீட்ல எல்லாரும் படிச்சு அழுதாங்க. ஆனா அந்தச் செவ்வாக்கெழம மெஷின் வேலை செய்யலன்னு கடையே தொறக்கலக்கா.” அவ்வளவுதான் சொன்னான். சீனியில் ஒரு கைப்பிடி கூடவே போட்டான். அந்தக் கூடுதல் சீனி தொண்டைக்குள் இறங்கவே இல்லை. எண்பதாயிரம் பேரில் கண்டுபிடிக்க ஒருத்தர் இல்லை, ஏனென்றால் அந்த எண்பதாயிரம் பேரில் நிற்கிறவர் ஒருத்தர் இல்லை. பழைய ஆட்கள் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்திருப்பார்கள், ‘யக்கா, அன்னைக்குக் கடை லீவு’ என்று நாற்பது பேர் வரிசையாக வந்து கும்மியடித்திருப்பார்கள், அவளும் மன்னிப்புக் கேட்டிருப்பாள், ஒரு திருவிழாவாக முடிந்திருக்கும். பிடிக்க ஆளில்லாத இடத்தில் எழுதுவதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. அதுதான் சங்கதி. மூன்று வரியில் அதை எழுத முடியாது என்பதால் உடல்நிலை என்று எழுதினாள், நிரஞ்சன் உடனே கூப்பிட்டு நல்ல டாக்டர் பெயர் ஒன்று சொன்னான், நல்ல பிள்ளை.

வெயில் ஏறியது. கரும்புக் கட்டை அவிழ்க்கிற சத்தம், தோகை சரசரவென்று, அந்தப் பச்சை வாசனை வந்ததும் வரிசை முழுக்க முகம் மலர்ந்தது, பல்லில்லாத ஒரு கிழவர் கூட உதட்டை நக்கினார். முன்னால் இனி ஆறு பேர். ஆறு பேருக்குள் எழுதிவிட வேண்டும் என்று திடீரென்று தவமணிக்கு ஒரு வெறி. யாரும் இல்லாவிட்டால் போகிறது, முட்டை விழுந்தால் விழட்டும், நிற்கிறாள், நின்றால் எழுத வேண்டும், சட்டம் அதுதானே. கல்லுக்கு இருக்கிற மரியாதை பத்திரத்துக்கு இல்லை, அதுதான் முதல் வரி. செங்கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனில் வலைப்பூவின் பின்வாசலுக்குப் போனாள், மூன்று வருஷத்தில் முன்வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி, உள்ளே போகும் தைரியம் வந்ததில்லை. பாஸ்வேர்டு என்ன, ஜெராக்ஸ் மெஷின் வாங்கிய தேதி, அதற்குப் பின்னால் மாரியம்மன். தப்பு என்றது. மாரியம்மன் முன்னால், தேதி பின்னால். சாமியை முன்னால் நிறுத்தியதும் கதவு திறந்தது. பழைய பலகை, பழைய ஆரஞ்சு நிறம், புதுப் பதிவு எழுதுகிற பொத்தான் எங்கே என்று தேடிக்கொண்டே போன விரல் ஒரு வரியில் போய் முட்டியது. உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும் பின்னூட்டங்கள்: 312. புரியவில்லை. யாருடையது, யாருக்காகக் காத்திருக்கிறது, என்ன அனுமதி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். தாழ்ப்பாள். ஒரு பொழுதுக்கு என்று போட்ட தாழ்ப்பாள். அவள் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே தெரியும் என்று போட்டுவிட்டு, போட்டதையே மறந்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறிவிட்டாள், யாராவது வந்தால் தகவல் சொல்லவிருந்த மெயிலையும் கையோடு மூடிவிட்டாள். அடி பாதகத்தி. முன்னூற்றுப் பன்னிரண்டு பேரை வெளியே நிறுத்திவிட்டு, ஒருத்தரும் வரவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த வரியைத் தொட்டுத் திறந்தாள். புதியவர்கள் மேலே இருந்தார்கள், பழையவர்கள் அடியில், வரிசை என்றால் முதலில் வந்தவரிடமிருந்துதானே பார்க்க வேண்டும், விரலால் தள்ளித் தள்ளி அடிக்குப் போனாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, அந்த ஒரு வரி போட்ட கால் மணி நேரத்தில்: ‘போயிட்டு வாங்கக்கா. எடத்த நான் பாத்துக்கறேன். அரைச்செங்கல்.’ பத்து வருஷத்தில் அந்த ஆள் எழுதிய முதல் நீண்ட வாக்கியம். அதற்கு மேல் ஒருவர், ‘யாரையும் காணோம், நான்தான் முதல் ஆளு போல.’ அதற்கு மேலும் ஒருவர், ‘நான் ஒண்ணு.’ அதற்கு மேல், ‘ஐ, நான்தான் ஒண்ணு!’ ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத வரிசையில் ஆளாளுக்குத் தாங்கள்தான் முதல் என்று நின்றிருந்தார்கள், நூறு பேருக்குக் குறையாமல் முதல் ஆள். தவமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எது முன்னால் போவது என்று தொண்டையில் தள்ளுமுள்ளு நடந்தது. ‘அனுமதி கிடைச்சாத்தான் தெரியும்னு வருது, சரி, நிக்கிறோம்.’ ‘மகளுக்குக் கல்யாணம்க்கா, மண்டபத்துல பந்திக்கு நின்ன வரிசைய நீங்க எழுதணும்.’ வசவு எழுதிய அந்தப் புண்ணியவானும் இரண்டு தரம் வந்திருந்தான், புதுப் புது வசவோடு, அவன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கட்டும். நடுவில் மாதம் தவறாமல் செங்கல், செங்கல், செங்கல். ஆக மேலே, நாலு நாளைக்கு முன்னால்: ‘கல் இன்னும் அங்கயேதான் இருக்குக்கா.’

“தவமணியக்கா, கார்டு,” என்றான் பூமிநாதன். ஜன்னலுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள், எப்படி நகர்ந்தாள் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்று, முத்துப்பேச்சியை முன்னால் போகச் சொன்னாள்.

“இம்புட்டு நேரம் நின்னுட்டு இப்பப் போயி எங்கக்கா போறீங்க? கரும்பு அம்புட்டும் குட்டையாப் போயிரும்.”

“போனாப் போகுதுத்தா. எனக்கு உள்ள விட வேண்டிய ஆளுக முன்னூறு பேருக்கு மேல வெளிய நிக்கிறாங்க.”

முத்துப்பேச்சி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். வெயிலும் ஒரு மாடும் தவிர யாரும் இல்லை. அக்காவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், தன் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டுக் கார்டை நீட்டினாள். தவமணி தண்ணீரைக் குடித்துக்கொண்டே செங்கல்லோடு வரிசையின் வால்வரைக்கும் நடந்தாள், அது தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போயிருந்தது, நல்லவேளை, முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட அவ்வளவு நேரமாவது வேண்டும். கடைசி ஆள் யாருங்க என்று கேட்டாள். துண்டைத் தலையில் போட்டிருந்த ஒருவர் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் கல்லை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, அடியில் நின்ற முதல் பெயரைத் தொட்டு, உள்ளே விட்டாள்.